மூடிய கனியை அறிதல்: பண்ருட்டிப் பலாவும் முந்திரியும்

தமிழகத்தில் நடுநாடு என்று வழங்கப்படும் பகுதியில், கெடிலம் ஆற்றை ஒட்டி அமைந்த பண்ருட்டி, பலாப்பழத்துக்கும் முந்திரிப் பருப்புக்கும் பேர்போன ஊர். சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், கோடைப் பருவத்தில் இவ்வூரையும் இதனை அடுத்த காடாம்புலியூரையும் கடக்கும்போது, சாலையோரத்தில் குவிந்து கிடக்கும் பலாக்களையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே பொட்டலமாகக் கட்டி அடுக்கிய முந்திரியையும் காணத் தவறுவதில்லை. ஒரு பழமும் ஒரு பருப்பும் ஒரே மண்ணில் விளைந்து, ஏறத்தாழ ஒரே பருவத்தில் சந்தைக்கு வருவது இவ்வூருக்கு வாய்த்த சிறப்பு. அதைவிட ஆழமான ஓர் ஒற்றுமையும் இவ்விரண்டுக்கும் இடையே உண்டு. இரண்டுமே உள்ளே இருப்பதை வெளியே காட்டாதவை. வாழைப்பழத்தைத் தோலைப் பார்த்தே வாங்கிவிடலாம். முள் போர்த்த பலாவையும், தோலைப் புண்ணாக்கும் நெய் ஊறிய ஓட்டுக்குள் அடங்கிய முந்திரியையும் அவ்வாறு வாங்க முடியாது. அறுக்காமலும் உடைக்காமலும் உள்ளீட்டை மதிப்பிடும் திறனே இச்சந்தையின் முதலாக இருந்து வந்திருக்கிறது என்பதால், பண்ருட்டியின் வணிக வரலாறு பெரும்பகுதி அத்திறனின் வரலாறாகவும், அதனைக் கையில் வைத்திருந்தவர்களின் வரலாறாகவும் அமைகிறது.

இந்த விளைச்சலுக்கு அடிப்படை, ஊருக்குத் தெற்கே தொடங்கும் செம்மண் மேடு. கெடிலக் கரையின் வண்டலில் நெல்லும் கரும்பும் விளைய, பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு, காடாம்புலியூர் முதலிய ஊர்களைக் கொண்ட மேட்டு நிலம் ஆற்றுப் பாசனம் எட்டாமல் மழையை மட்டுமே நம்பிக் கிடந்தது. புவியியலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டழைக்கும் படிவத்தின் மேல் அமைந்த இம்மண் ஆழமானது. பெய்த மழையை விரைவில் கீழே இறக்கிவிடும் இயல்புடையது. நெல்லுக்குக் குறையாகும் அவ்வியல்பே பலாவுக்கும் முந்திரிக்கும் நிறைவாகிறது. பலா வேரில் நீர் தேங்கினால் பட்டுப்போகும் மரம். முந்திரியோ வறண்ட மணலிலும் வேர்பரப்பிப் பிழைக்கும் மரம். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இதே மேட்டு நிலத்தொடரின் அடியிலேதான் கிடக்கிறது; 1956இல் அங்கே நிலக்கரி நிறுவனம் அமைந்த பின்னர் சுற்றுவட்டார மக்கள் நிலத்தையும் தோப்பையும் இழந்து இடம்பெயர்ந்த கதை, கண்மணி குணசேகரனின் ‘வந்தாரங்குடி’ நாவலுக்குப் பொருளாயிற்று.

பலா சமவெளிக்கு உரிய மரம் அன்று. அதன் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் என்பது தாவரவியலார் கருத்து. சங்கப் பாடல்களும் அதனைக் குறிஞ்சி நிலத்தின் அடையாளமாகவே காட்டுகின்றன. குறுந்தொகையின் 18ஆம் பாடலில் கபிலர், வேரில் காய்க்கும் பலாவையும், சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்கும் பலாவையும் எதிரெதிரே நிறுத்தித் தலைவியின் நிலையை உணர்த்துகிறார். புறநானூற்றின் 109ஆம் பாடலில் அவரே, பாரியின் பறம்புமலையில் உழவர் உழாமலே கிடைக்கும் உணவுப் பொருள்கள் நான்கனுள் ஒன்றாகப் பலாவைச் சேர்க்கிறார். மலையில் இயல்பாக விளைந்த அப்பழம் நகருக்கும் வந்து சேர்ந்தது என்பதற்கு மதுரைக்காஞ்சி சான்று. மதுரையின் நாளங்காடி என்னும் பகற்கடைகளையும் அல்லங்காடி என்னும் இரவுக்கடைகளையும் விரித்துரைக்கும் அந்நூல், நகரில் உண்ணக் கிடைத்தவற்றுள் மாங்கனியோடு பலாச்சுளையையும் வைத்து எண்ணுகிறது. முழுப்பழமாகச் சொல்லாமல் சுளையாகச் சொல்லியிருப்பது கவனத்துக்குரியது. ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு முடிக்க இயலாத அளவுடைய பழத்தை அறுத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அன்றே இருந்தது என்று கொள்வதில் தவறில்லை. குற்றாலத்தில் குறும்பலா தலமரமாகப் போற்றப்படுவதும், சம்பந்தர் அம்மரத்தின் பெயராலேயே அத்தலத்தைப் பாடியிருப்பதும், மலைப்பழத்தின்மீது தமிழர் கொண்ட மதிப்பு பக்திக் காலத்திலும் தொடர்ந்ததைக் காட்டுகின்றன.

ஆயினும் இடைக்காலக் கோயில் கணக்குகளில் நாள்தோறும் இடம்பெற்ற பழம் பலா அன்று, வாழையே. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று இதனை வியப்பூட்டும் துல்லியத்துடன் பதிவு செய்திருக்கிறது. பிள்ளையார் கணபதியாருக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் படைப்பதற்காக 360 காசு முதலாக வைக்கப்பட்டு, தஞ்சாவூர் வணிகரிடம் ஒப்படைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி. ஆகவே ஆண்டு வட்டி 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம் என்னும் விலையில் 45 காசுக்கு 54,000 பழம்; 360 நாளுக்கு நாளொன்றுக்கு 150 என அக்கணக்கு மிச்சமின்றி நேராகிறது. இத்தகைய நிலையான கட்டளைக்கு ஆண்டு முழுவதும் காய்க்கும் வாழை மட்டுமே பொருந்தும். மூன்று நான்கு மாதம் மட்டும் கிடைக்கும் பலாவையோ மாவையோ வைத்து எந்த வணிகரும் நித்தியக் கட்டளை ஏற்றிருக்க முடியாது. பருவப்பழம் கணக்குக்குள் அடங்காதது. அது வரும்போது வாங்கி, வந்தபோதே உண்ணப்பட வேண்டியது. பலாவின் வணிகம் கல்வெட்டுகளில் அருகிக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அயல்நாட்டார் குறிப்புகள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் மதுரைச் சுல்தானிடமும் தங்கிச் சென்ற மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, பலாவை இரு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்; நிலத்தை ஒட்டிக் காய்க்கும் பழமே இனிப்பு மிக்கது, உயரத்தில் காய்ப்பது அதற்கு அடுத்தது என்பது அவர் எழுதிவைத்த செய்தி. வேர்ப்பலாவுக்குத் தமிழ்நாட்டில் இன்றும் தரப்படும் தனி மதிப்போடு இது ஒத்துப்போகிறது. சந்தையில் நிலைத்துள்ள பாகுபாடு வேறு வகையானது. சுளை தடித்து, கடித்தால் விறைப்பாக இருப்பது வருக்கை. சுளை குழைந்து, விழுங்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்குவது கூழன். வருக்கை தொலைதூரம் அனுப்பத் தகுந்தது, அறுத்த பின்னும் உருக்குலையாது. ஆதலின் வணிகர் நாடுவது அதையே. கூழனை விரும்பி உண்போர் குறைவில்லை எனினும், அது பெரும்பாலும் தோப்புக்காரர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தீர்ந்துவிடுகிறது. முகலாய மன்னர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் பலாவின் தோற்றத்தை ஆட்டின் வயிற்றுக்கு ஒப்பிட்டு முகம் சுளித்திருப்பது, பழகாத கண்ணுக்கு இப்பழம் எப்படிப்பட்ட புதிராக இருந்தது என்பதை உணர்த்துகிறது.

அப்புதிரைக் கணக்கால் அவிழ்க்க முயன்ற தமிழ் நூல் ஒன்று உண்டு. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நிலம், பொன், நெல் முதலியவற்றின் அளவைகளைச் செய்யுளில் கற்பிக்கும் நூல். பலாப்பழத்தை அறுக்காமலே அதிலுள்ள சுளைகளை எண்ணும் வழியையும் அது கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளையின் தொகை கிடைக்கும் என்பது அதன் விதி. முள் 100 என்றால் சுளை 120. எந்தப் பழத்துக்கும் இது எண் பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்க இயலாது. எனினும் விதியின் பின்னே உள்ள எண்ணம் ஆழமானது. முள்ளுக்கும் சுளைக்கும் தொடர்பு உண்டு என்று அதை எழுதியவர் கண்டிருக்கிறார். பலா ஒரு தனிப்பழம் அன்று. ஒரே தண்டைச் சுற்றி நெருங்கிப் பூத்த நூற்றுக்கணக்கான பெண்பூக்கள் ஒன்றுகூடிப் பருத்த கூட்டுக்கனி. மேல்தோலின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது. சேராத பூ, சுளைகளுக்கிடையே நார்நாராகக் கிடக்கும் சடையாக நின்றுவிடுகிறது. முள்ளின் எண்ணிக்கை பூவின் எண்ணிக்கையைச் சொல்லும்; சுளையின் எண்ணிக்கையைச் சொல்ல அது மட்டும் போதாது.

அந்த மீதி அறிவு ஏட்டில் ஏறாமல் தோப்பிலும் மண்டியிலும் கைமாறி வந்தது. பலாவை வாங்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது பழத்தின் உருவத்தை. ஒரு புறம் ஒடுங்கியோ குழிந்தோ இருந்தால், அப்பக்கத்துப் பூக்கள் சூல்கொள்ளவில்லை, அங்கே சுளை இராது என்று பொருள். எல்லாப் பக்கமும் ஒருசீராகப் பருத்த பழமே நிறைசுளைப் பழம். அடுத்து முள். பிஞ்சில் கூர்மையாக நெருங்கி நிற்கும் முட்கள், காய் விளைய விளைய ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நுனி மழுங்கி, உள்ளங்கையால் அழுத்தினால் குத்தாத பதத்துக்கு வருகின்றன. காம்பை ஒட்டிய கடைசி இலை மஞ்சளிப்பது மரத்திலேயே தெரியும் அடையாளம். காம்பைக் கீறினால் வடியும் பால், முற்றாத காயில் கெட்டியாகவும் முற்றிய காயில் நீர்த்தும் இருக்கும். இவையெல்லாம் கண்ணின் வேலை. முடிவு சொல்வது காது. விரல் முட்டியாலோ கத்தியின் பின்புறத்தாலோ பழத்தைத் தட்டும்போது, விளையாத காய் இறுகிய ஓசை தரும். விளைந்தது உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற தணிந்த ஓசை தரும். ஒரே பழத்தைக் காம்புப் பக்கத்திலும் வயிற்றிலும் அடியிலும் தட்டி, மூன்று இடத்து ஓசையையும் ஒப்பிட்டே தேர்ந்தவர் தீர்ப்புச் சொல்வார். பழம் எல்லாப் பக்கமும் ஒருங்கே பழுப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

வணிகருக்கு வேண்டியதும் வீட்டுக்கு வாங்குபவருக்கு வேண்டியதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெளியூருக்கு லாரியில் ஏற்றப்படுவது பழமன்று, நன்கு விளைந்த காய். வழியிலேயே அது பழுத்துக்கொள்ளும். விளையாத காயைப் பறித்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் இனிப்பேறாது. ஆகையால் பறிக்கும் நாளைத் தேர்வதே வணிகரின் முதன்மையான திறமை. தோப்பு முழுவதையும் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு எடுக்கும் வழக்கத்தில், மரத்தை அண்ணாந்து பார்த்து, இத்தனை காய் தேறும் என்று மதித்துப் பணம் கொடுப்பவர், இன்னும் உருவாகாத பழத்தையே விலைபேசுகிறார். காற்றும் மழையும் தவறினால் இழப்பு அவருடையது. வீட்டுக்கு வாங்குபவரோ, அன்றோ மறுநாளோ அறுக்கத்தக்க பழத்தைத் தேடுகிறார். அவருக்கு மணமே முதல் வழிகாட்டி. காம்பைச் சுற்றி மணம் கிளம்பி, தோல் பச்சையிலிருந்து பழுப்பு கலந்த மஞ்சளுக்கு மாறி, அழுத்தினால் மெல்ல நெகிழும் பழம் அவருக்கு உரியது.

பலாவை அறுப்பது தனிக்கலை. கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவாமல் தொட்டால், பால் ஒட்டிப் பிசினாகி இரண்டு நாளைக்கு விடாது. பழத்தை நீளவாட்டில் பிளந்து, நடுத்தண்டை வாகாகச் சீவி எடுத்துவிட்டால், தண்டோடு பாலின் பெரும்பகுதியும் நீங்கிவிடும். பின்னர் தோலை வெளிப்புறமாக மடக்கினால் சுளைகள் தாமாகவே விரிந்து மேலெழும். சடையை நீக்கிச் சுளையைப் பிய்த்து, அதனுள் இருக்கும் வழவழப்பான உறையோடு கொட்டையைத் தள்ளிவிட்டு உண்பது நடுநாட்டில் சிறுவரும் அறிந்த முறை. கொட்டை வீணாவதில்லை. கழுவி நிழலில் உலர்த்தி வைத்து, சுட்டும் அவித்தும், சாம்பாரிலும் கீரையிலும் சேர்த்தும் பருவம் கடந்த பின்னும் சில வாரம் உண்கின்றனர். தழை ஆட்டுக்குத் தீனி. காய்ப்பு ஓய்ந்த மரம்கூட மதிப்பிழப்பதில்லை. மிருதங்கக் கட்டைக்குப் பண்ருட்டிப் பலாமரம் கலைஞரிடையே பெயர்பெற்றது. வீணை செய்வதற்கும் பலாமரமே உகந்தது. பழத்தைத் தட்டிக் கேட்கும் காது ஒரு புறமும், அதே மரத்தின் கட்டையைத் தட்டிக் கேட்கும் காது மறுபுறமுமாக, இம்மரத்தை ஓசையால் அறியும் இரு தொழில்கள் இந்த மண்ணோடு தொடர்புகொண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

முந்திரியின் வரவு இவை அனைத்துக்கும் பிற்பட்டது. அதன் தாயகம் பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரை. அங்கே அம்மரத்தைக் கண்ட பிரெஞ்சுத் துறவி ஆந்திரே தெவே, 1557இல் வெளியான தம் நூலில் அதனைப் படத்துடன் விவரித்தார். போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தது 16ஆம் நூற்றாண்டில் என்பது உறுதி. ஆண்டு மட்டும் நூல்களைக் கொண்டு கணிக்கப்பட வேண்டியதாகிறது. கோவாவில் பல்லாண்டு மருத்துவம் பார்த்து, பலா உட்பட இந்நாட்டு மரஞ்செடிகளைப் பற்றி 1563இல் நூல் வெளியிட்ட கார்சியா த ஒர்த்தா முந்திரியைக் குறிப்பிடவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து 1578இல் வெளியான கிறிஸ்தோபல் அகோஸ்தாவின் நூல், கொச்சியில் அம்மரம் வளர்ந்திருந்ததை எடுத்துரைக்கிறது. முதலில் கடலோர மணலைப் பிடித்து நிறுத்தவும், பழத்துக்காகவும், வெயிலுக்கு நிழலாகவும் நடப்பட்ட மரம், தானே விதை விழுந்து பரவும் இயல்பால் இரு கரையிலும் வேரூன்றியது.

தமிழருக்கு இப்புதிய கொட்டையின் இயல்பு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது. சதைப்பற்றுள்ள காம்பின் நுனியில் கொட்டை வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதும், கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் கரிய நெய் இருப்பதும், இந்நாட்டுச் சேராங்கொட்டையிலும் காணப்படுபவை. சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாத குறியிடப் பயன்படுத்தியதும், சித்த மருத்துவர் முறைப்படி சுத்தி செய்து மருந்தாக்கியதும் அக்கொட்டையே. முந்திரியும் சேராங்கொட்டையும் மாமரத்தையும் உள்ளடக்கிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தாவரவியல் பின்னர் வகுத்தது. ஓட்டைச் சுட்டு நெய்யைப் போக்கினால்தான் உள்ளிருக்கும் பருப்பைத் தொடலாம் என்ற படிப்பினை, அவ்வகையில் முன்பே ஆயத்தமாக இருந்த ஒன்று.

முந்திரிக்கு முன்னரே இச்செம்மண் மேட்டைச் சந்தையோடு இணைத்தது மற்றொரு தென்னமெரிக்கப் பயிர். உள்ளூரில் மணிலா என்றும் மல்லாக்கொட்டை என்றும் வழங்கும் நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் பெருமளவில் பயிரிடப்பட்டு, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. பண்ருட்டி அவ்வணிகத்தின் முக்கிய மையங்களுள் ஒன்று. தரகர், எடையர், கிடங்கு, வண்டிப்பேட்டை, இரயில் நிலையம் ஆகியவை கடலைக்காக இங்கே உருவானவை. பின்னாளில் முந்திரி வந்தபோது அதற்கு ஒரு சந்தை ஏற்கெனவே காத்திருந்தது. முந்திரி வணிகத்தின் வளர்ச்சியை மரத்தின் கதையாக மட்டும் எழுதுவோர் இந்தக் கடலைக்கால அடித்தளத்தை விட்டுவிடுவது பெருங்குறை.

முந்திரிப் பருப்பு உலகச் சந்தைச் சரக்கானது கேரளத்துக் கொல்லத்தில், 1920களில். அமெரிக்காவுக்கு அனுப்பிய பருப்பில் வழியிலேயே பூச்சி விழுந்ததால், தகர டின்களிலிருந்து காற்றை அகற்றிக் கரியமில வாயுவை நிரப்பி மூடும் முறை கையாளப்பட்டது. அதன் பிறகே ஏற்றுமதி நிலைபெற்றது. உள்நாட்டு விளைச்சல் போதாமல், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்து உடைத்து அனுப்பும் வழக்கமும் அப்போதே தோன்றியது. 1955இல் முந்திரி ஏற்றுமதி வளர்ச்சிக் கழகம் அமைந்தது. விடுதலைக்குப் பின் மண்ணரிப்பைத் தடுக்கும் மரமாக அரசே முந்திரியை ஊக்குவித்ததும், விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் 1981 முதல் வி.ஆர்.ஐ. வரிசை இரகங்களை வெளியிட்டதும் நடுநாட்டு மேட்டு நிலத்தை முந்திரிக்காடாக்கின. மானாவாரிக் கம்பையும் வரகையும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாசி முதல் வைகாசி வரை கையில் பணம் புரளும் பருவம் இவ்வாறு உண்டாயிற்று.

பறித்த கொட்டை பருப்பாவதற்குள் பல கைகளைக் கடக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். மரத்தில் ஏறிப் பறித்த கொட்டையைவிடப் பழுத்துத் தானே விழுந்த பழத்தின் கொட்டையே நிறைபருப்புடையது. ஆதலின் விடியற்காலையில் மரத்தடியைக் கூட்டிப் பொறுக்கி, பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்து வெயிலில் உலர்த்துகின்றனர். உலர்ந்த கொட்டையை வறுத்தோ நீராவியில் வேகவைத்தோ ஓட்டை இளக்கி, சாம்பலோ எண்ணெயோ பூசிய விரல்களால் ஒவ்வொன்றாக நிறுத்தி, கட்டையால் அளவாக ஒரு தட்டுத் தட்டினால் ஓடு இரண்டாகப் பிளந்து, பருப்பு முழுதாக வெளிப்படும். தட்டு ஓர் இழை மிகுந்தால் பருப்பு உடையும். உடைந்தால் கூலி குறையும். இன்று கையாலும் காலாலும் இயக்கும் வெட்டும் கருவிகள் வந்துவிட்டபோதிலும், ஓட்டு நெய் தெறித்துத் தோல் கருத்து உரியும் இடர் முற்றிலும் நீங்கவில்லை. பின்னர்ப் போர்மா என்று தொழிலில் வழங்கும் வெப்ப அறையில் பருப்பைக் காயவைத்து, மேலே ஒட்டிய செந்நிற உள்தோலை மழுங்கிய சிறு கத்தியால் உரிக்கின்றனர். சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் பொரிந்து மிதக்கும் ஒவ்வொரு பருப்புக்கும் பின்னே விரல்நுனி கறுத்த ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது என்பது மிகையன்று. அவ்வுழைப்புக்கு உரிய விலை சந்தையில் எந்நாளும் கிடைத்ததில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று.

பலாவைத் தட்டிப் பார்ப்பதற்கு இணையான சோதனைகள் முந்திரிக்கும் உண்டு. மூட்டையாகக் கொட்டை வாங்கும் வணிகர், மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலுமாகச் சிறிது அள்ளி, வெட்டிப் பார்த்து, நல்ல பருப்பு, சுருங்கியது, பூச்சியரித்தது என்று பிரித்து எடையிட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்கிடுகிறார். விலை அந்த எண்ணிக்கையின்மீதே பேசப்படுகிறது. விதைக்கு எடுப்போர் கொட்டையைத் தண்ணீரில் இட்டு, மிதப்பதைக் கழித்து மூழ்குவதைக் கொள்கின்றனர். உரித்த பருப்பைத் தரம்பிரிக்கும் எண்களும் பவுண்டைச் சார்ந்தவையே. 180 என்ற தரம் ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, 180க்கு மேற்படாத முழுப்பருப்பைக் குறிக்கும். 320 என்பது அதைவிடச் சிறியது. 450 அதனினும் சிறியது. எண் கூடக் கூடப் பருப்பு சிறுக்கும், விலையும் இறங்கும். இரண்டாகப் பிளந்த பருப்பும் துண்டும் குருணையும் முழுப்பருப்பைவிட மலிவு. சுவையில் குறைந்தவை அல்ல. அரைத்துக் குருமாவிலோ இனிப்பிலோ சேர்ப்பதற்கு முழுப்பருப்பு வாங்குவது வீண்செலவு. தேர்வில் உண்மையில் பார்க்க வேண்டியவை மூன்று: நிறம் வெண்தந்தம் போல இருத்தல், ஒடித்தால் நமுக்காமல் தெறித்து முறிதல், முகர்ந்தால் சிக்கு வாடை இல்லாதிருத்தல். கோடையில் புதுக்கொட்டை உடைபடும் நாள்களில் வாங்கிய பருப்புக்கும், மழைக்காலம் முழுவதும் கிடங்கில் கிடந்த பருப்புக்கும் இந்த மூன்றிலும் வேறுபாடு தெரியும்.

இத்தனை நுட்பமும் கொட்டைக்கே உரியதாகிவிட, முந்திரிப் பழம் சந்தையில் இடமின்றிப் போயிற்று. மஞ்சளும் சிவப்புமாகக் கனிந்து, சாறு நிரம்பிய அப்பழம், பறித்த ஒரு நாளுக்குள் அழுகத் தொடங்கும். துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். சாறு பட்ட துணியில் கறை போகாது. கோவாவில் அதனை வடித்து ஃபெனி என்னும் மதுவாக்குகின்றனர். நடுநாட்டில் தோப்புக்காரர் வீட்டுச் சிறுவர் உப்புத் தொட்டு உண்பது போக, மீதி மரத்தடியிலேயே மண்ணாகிறது. பண்ருட்டிப் பகுதியில் விளையும் இரு பழங்களுள் ஒன்று ஊரூராகச் செல்ல, மற்றொன்று தோப்பின் வேலியைத் தாண்டாமல் வீணாவது வருந்தத்தக்கது. விருப்பமுள்ளோர் பருவத்தில் தோப்புக்கே சென்று உண்டால்தான் அதன் சுவையை அறிய முடியும்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இந்த மேட்டு நிலத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. சில மணி நேரத்தில் முந்திரிக்காடுகள் வேரோடு சாய்ந்தன. பாட்டன் நட்டு, தந்தை காத்து, பேரன் குத்தகைக்கு விட்ட பலாமரங்கள் பிளந்து வீழ்ந்தன. அடுத்து வரவிருந்த பருவத்தின் காய்ப்பும் அவற்றோடு போயிற்று. நெல் சாய்ந்தால் அடுத்த போகத்தில் எழலாம். விதையிலிருந்து எழும் பலா காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். ஆகவே மறுநடவில் ஒட்டுக்கன்றுகளே மிகுதியும் இடம்பெற்றன. ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டிலும், ஒட்டுப்பலா நான்கைந்து ஆண்டிலும் பலன் தரத் தொடங்கும். உடைக்கும் தொழில் நிற்காமலிருக்க, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் கொட்டையை நம்புவதும் பெருகியது. பண்ருட்டிப் பருப்பு என்று இன்று கடையில் விற்கப்படுவது பண்ருட்டியில் விளைந்ததா, பண்ருட்டியில் உடைத்ததா என்று கேட்டு வாங்குவது நுகர்வோரின் உரிமை.

விதைப்பலாத் தோப்பில் ஒரு மரத்தின் பழம் போல் மற்றொன்றின் பழம் இராது. ஒன்றில் தேன் ஊறும், அடுத்ததில் சப்பென்றிருக்கும். அதனாலேயே தட்டிப் பார்ப்பவரின் திறன் இன்றியமையாததாயிற்று. அதனாலேயே இன்ன தோப்பின் இன்ன மரம் என்று பெயர் சொல்லிப் பழம் கேட்கும் பழக்கமும் உண்டாயிற்று. ஒட்டுக்கன்று இவ்வேறுபாட்டைக் குறைக்கிறது. ஆயினும் அந்த ஒட்டின் தாய்மரத்தைத் தேர்ந்ததும் பழைய முறையில்தான். பண்ருட்டிக்கு அருகே பாலூரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கடலை ஆய்வுக்காகத் தொடங்கப்பட்ட அரசுப் பண்ணை, இன்று வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமாக இயங்குகிறது. அந்நிலையம் வெளியிட்ட பாலூர் 1 என்னும் பலா, ஆய்வுக்கூடத்தில் கலப்பினமாக உருவாக்கப்பட்டதன்று. பணிக்கன்குப்பத்தில் உள்ளூர் மரங்களுக்கிடையே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றின் வழிவந்தது. கோடைப் பருவத்தோடு ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் காய்ப்பது அதன் தனித்தன்மை. மழையில் நனைந்து முதிரும் பழத்தில் இனிப்பு குறையும் என்பது நெடுங்கால அனுபவம். எனவே பருவம் தவறி வரும் அப்பழத்தை வாங்க நேரும்போது, மணத்தை மட்டும் நம்பாமல், கடைக்காரர் அறுத்து வைத்திருக்கும் பழத்தில் ஒரு சுளையைச் சுவைத்துப் பார்த்தே விலைபேசுவது நல்லது.